மிச்சச் செம்மல்

காலையில் எழுகிறேன். ஒரு டம்ளர் காபி போட்டுக் குடிக்கிறேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி கழுவிக் கவிழ்க்கிறேன். சமையலறை விளக்கை அணைக்கிறேன். கதவைப் பூட்டிக்கொண்டு ஐந்து மாடி இறங்குகிறேன்.

இந்த வாழ்க்கைமுறைதான் பொருளாதார நெருக்கடியிலிருந்து மனித குலத்தை மீட்கப் போகிறது. இது என் கருத்து அல்ல. எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் மைக்கில் சொன்னது. மைக்கை அணைத்து வைத்திருந்தார்கள். அதுவும் சிக்கனம்தான்.

காலம் அப்படி. விலைவாசி ஏறிக்கொண்டே போனது. ஏற அதற்கு லிஃப்ட் தேவைப்படவில்லை. அலுவலகங்களில் ஆட்களைத் தூக்கினார்கள். எங்கள் சங்கம் ஒரு படி மேலே போய், ஆட்களைத் தூக்குகிற லிஃப்ட்டையே தூக்கிவிட்டது. அதன் கதவில் ஒரு நோட்டீஸ்:

'பொது நலன் கருதி மின்தூக்கிக்கு ஓய்வு அளிக்கப்பட்டுள்ளது. படிக்கட்டு இனி "ஆரோக்கியப் பாதை" என அழைக்கப்படும்.'

என் மனைவி அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தாள். எங்கே எழுத்தைக் கண்டாலும் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். அந்த நோட்டீஸில் 'பொது' என்பதை அடித்துவிட்டு 'தரைத்தள' என்று திருத்தினாள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் தரைத்தளத்துக்காரர்கள். ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாத திருத்தம்.

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள்.

"சார், நான் படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டர் எத்தனாவது மாடிம்மா?" என்றார் தலைவர்.

"அவர் இங்க இல்ல சார். வேற ஏரியா."

"அப்போ நம்ம சங்கத்துல உறுப்பினரே இல்ல. உறுப்பினரா இல்லாதவர் கருத்தை எப்படிம்மா தீர்மானத்துல சேர்க்கறது?"

"அப்ப என் வால்வைச் சேர்த்துக்குங்க சார். அது சந்தா ஒழுங்காக் கட்டுது."

சிரிப்பொலி எழுந்ததாகக் கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

ஆனாலும் சங்கத்துக்கு இரக்கம் உண்டு. மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். 'இளைப்பாறு மையம்' என்று பெயர் வைத்து, பொருளாளர் ரிப்பனும் வெட்டினார். நாற்காலியில் முதலில் உட்கார்ந்ததும் அவர்தான். கொஞ்ச நாளில் சிக்கன ஆய்வுக் குழுவுக்கு உட்கார இடம் போதவில்லை என்று நாற்காலி கீழே போனது. திரும்பி வரவில்லை. மூன்று மாடி ஏற அதற்கும் மூச்சு வாங்கியிருக்கலாம்.

பிறகு ஒரு மாலை, அதே திருப்பத்தில், என் மனைவி படியிலேயே உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் ஆரோக்கியப் பாதை வழியாக ஏறி, ஆரோக்கியப் பாதை வழியாக இறங்கியது.

போன ஞாயிறு ஆண்டுக் கூட்டம். கிளம்பும்போது எதிர்வீட்டுத் தையல்காரத் தங்கை வாசலில் நின்றாள். நிறைமாதம்.

"அண்ணா, இன்னிக்கு லிஃப்ட் மோட்டாரைக் கழட்டி விக்கறதுக்குத் தீர்மானமாம். வாசல்ல பழைய இரும்புக்காரர் கயிறும் கையுமா வந்து நிக்கறாரு. மோட்டாரே போயிட்டா அப்புறம் என்னிக்கும் ஓடாது."

"நீயும் வந்து சொல்லேம்மா."

"இறங்கிடுவேன். திரும்ப ஏறறது யாரு? வலி வந்தாக்கூடத் தீர்மானம் போட்டுத்தான் என்னை இறக்குவாங்க போல. நீங்க பேசுங்கண்ணா. இன்னிக்கு உங்களுக்குத்தானே பொன்னாடை."

உண்மை. குடியிருப்பிலேயே மிகக் குறைவாக மின்சாரம் செலவழித்த வீடு என்னுடையது. அதற்காக எனக்கு 'மிச்சச் செம்மல்' பட்டம். பொன்னாடை போர்த்தினார்கள். அது செயலாளர் வீட்டு மேசை விரிப்பு. கூட்டம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும்.

"நாலு விளக்கு எரிஞ்ச வீட்டுல இப்ப ஒண்ணுதான் எரியுது!" என்றார் தலைவர். "ரகசியத்தைச் சொல்லுங்க தம்பி. வீட்டுல எவ்வளவு மிச்சம்?"

"நான் ஒருத்தன்தான் சார் மிச்சம்."

"கேட்டீங்களா? என்ன தன்னடக்கம்!"

கைதட்டினார்கள். கைதட்டலுக்கு மின்சாரம் ஆகாது.

அடுத்து தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தம்பியின் துணைவியார் சிக்கனத்துக்காகவே வாழ்ந்தவர் என்றார். அன்று மாலை சந்தா வசூலிக்க மேலே வந்த பொருளாளர், எங்களுக்கு இரண்டு படி பின்னால் ஏறிக்கொண்டிருந்தாராம். அந்த அம்மையார் கடைசியாகச் சொன்ன சொல்லைத் தம் காதாலேயே கேட்டாராம்.

பொருளாளர் எழுந்தார். "'மிச்சம்'னாங்க. அப்படியே தலை சாஞ்சிடுச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

"அந்தக் கடைசி மூச்சுக்கு மரியாதையாத்தான் இன்னிக்கு இந்த மோட்டாரை விக்கிறோம்" என்றார் தலைவர். "மூணாம் மாடித் திருப்பத்துல ஒரு கல் பதிக்கிறோம். 'மிச்சம்'னு ஒரே வார்த்தை. கல்வெட்டறவர் எழுத்துக் கணக்குலதான் கூலி கேக்கறாரு, அதனால சின்ன வார்த்தையா அமைஞ்சது நம்ம பாக்கியம். தம்பி சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, கை தூக்கிடலாம்."

எல்லோரும் கையைப் பாதி தூக்கியிருந்தார்கள். எங்கள் குடியிருப்பில் இன்னும் மேலே போய்வருவது அது ஒன்றுதான். அணைத்த மைக்கை என்னிடம் கொடுத்தார்கள்.

"சுருக்கமா, தம்பி."

பொருளாளர் பொய் சொல்லவில்லை என்றேன். 'மிச்சம்' என்று அவள் சொன்னது நிஜம். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை சொன்னாள். பொருளாளர் காதிலும் சிக்கனக்காரர். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். ஆனால் என் மனைவி பிழை திருத்துகிறவள். பாதி வாக்கியம் அச்சேறினால் அவளுக்குப் பொறுக்காது. கல்லில் வெட்டுவதென்றால் முழுசாக வெட்டுங்கள். எழுத்து கூடும், செலவும் கூடும், சங்கம் என்னை மன்னிக்க வேண்டும்.

பிறகு அதை அப்படியே சொன்னேன். பாதி தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின. தலைவர் கை மட்டும் மேலேயே நின்றது, இறக்க மறந்திருப்பார். வாசலில் பழைய இரும்புக்காரர் கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். யாரோ எழுந்து போய் லிஃப்ட்டின் சுவிட்சைப் போட்டார்கள். மேசை விரிப்பை மடித்துச் செயலாளரிடம் கொடுத்தேன்.

அன்று மாலை அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"யோவ், மிச்சம் பண்ணின கரண்ட்டையெல்லாம் எங்க வச்சிருக்காங்கன்னு கேட்டுட்டு வா. இன்னும் ரெண்டு மாடி மிச்சம் இருக்கு, அதுல கொஞ்சம் லிஃப்ட்டுக்குப் போடச் சொல்லு."