ஜங்ஷன் சார் பிடித்துவந்த எதிரணிகள்

ஒரு ரயில் தாமதமாக வர வேண்டுமென்று, அதனுள் வியர்த்து உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்களை மறந்து, ஒரு கூட்டமே வேண்டிக்கொள்வது நியாயமா? நான் பொருளாதாரம் படித்தவள். ஒருவருடைய லாபம் இன்னொருவருக்கு என்ன நஷ்டம் என்று பார்த்தே பழகியவள். ஆனாலும் விருத்தாசலத்தில் ஒரு பிற்பகலில் நானும் கைகூப்பி அப்படி வேண்டிக்கொண்டேன். என்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர் ஜங்ஷன் சார்.

இந்த நாட்டின் ரயில் பாதைகள் அனைத்தும் பெண்கள் கூடைப்பந்தின் வளர்ச்சிக்காகவே போடப்பட்டவை என்று உளமார நம்பிய ஒரே மனிதர் அவர். சரக்கு ரயில்களுக்கு மட்டும் அவரிடம் விளக்கம் இல்லை.

அவர் எங்கள் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். இளமையில் கபடி ஆடியவர். கூடைப்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பந்து வளையத்துக்குள் விழ வேண்டும் என்பது மட்டுமே. ஆடுகளத்தில் வளைவாகப் போட்டிருக்கும் மூன்று புள்ளிக் கோட்டை யாராவது தாண்டினால், கபடி ஞாபகத்தில் "போனஸு! போனஸு!" என்று கத்துவார். பயிற்சி முழுவதையும் அணித்தலைவி ஷமீம் பார்த்துக்கொண்டாள். அப்போது முதுகலை மாணவியாக இருந்த நான் அணியின் செயலாளர். ஆடத் தெரியாது, எழுதத் தெரியும் என்பதால் கிடைத்த பதவி.

ஷமீம் மங்கலம்பேட்டைப் பெண். வளைகுடாவில் வேலை பார்க்கும் அவளுடைய அத்தா, ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும், "எவ்ளோ ஸ்கோரு பாப்பா?" என்று குரல்பதிவு அனுப்புவார். பட்டப்படிப்பு முடிந்ததும் உடற்கல்வி படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்க வேண்டுமானால், மண்டலங்களுக்கு இடையிலான போட்டியில் ஒருமுறையாவது ஆடியிருக்க வேண்டும். இல்லையென்றால் மங்கலம்பேட்டையில் மாமாவின் ஜவுளிக்கடை. கல்லாவில் அவள் உட்காருவதற்காக மாமா சுழல் நாற்காலி ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

அந்தப் போட்டிக்குப் போக இரண்டு வழிகள். எங்கள் மண்டலத்தில் முதலிடம் பிடிக்க வேண்டும். அந்த இடத்தை, கூரை போட்ட ஆடுகளமும் தனிப் பயிற்சியாளரும் வைத்திருந்த ஒரு பெரிய கல்லூரி பரம்பரைச் சொத்தாகவே அனுபவித்து வந்தது. அல்லது, எல்லா மண்டலங்களிலும் இரண்டாமிடம் பெற்ற அணிகளுள் தேர்வுக்குழு பொறுக்கி எடுக்கும் ஒரே ஓர் அணியாக இருக்க வேண்டும். குழு அதற்குப் பார்ப்பது, மண்டலப் போட்டிக்கு வெளியே யாரோடு ஆடினீர்கள், எப்படி ஆடினீர்கள் என்பதை.

அந்தப் பிற்பகலுக்கு முந்தைய ஆண்டு, வெளியாட்டங்கள் எல்லாவற்றிலும் நாங்கள் வெற்றி. தாளாளர் ஐயாவுக்கு வெற்றி பிடிக்கும்; வெற்றியைவிட வெற்றிக்கு வைக்கும் ஃபிளெக்ஸ் பிடிக்கும். ஆகவே சார் எளிய அணிகளாகப் பார்த்து அழைத்திருந்தார். வேப்பூரிலிருந்து ஒரு தையற்பயிற்சி நிலையத்தின் அணி வந்தது. நல்லூரில் அவசரமாகத் திரட்டப்பட்ட இன்னோர் அணியில், கைக்குப் பந்து வந்தாலே "ஐயோ, சாரிங்க" என்று எங்களிடமே திருப்பிக் கொடுத்த இருவர் இருந்தார்கள். மண்டலத்தில் இரண்டாமிடமும் பெற்று, சாரும் ஷமீமும் நானும் தேர்வுக்குழுவின் முன் போய் நின்றோம்.

குழுத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாத்துலயும் ஜெயிச்சிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். யாரை?"

சார் வேப்பூர்த் தையற்பயிற்சி நிலையத்தின் பெயரைச் சொன்னார். தலைவர் எங்கள் விண்ணப்பத்தை ஒதுக்கிவைத்தார்.

ரயிலில் ஊர் திரும்பினோம். விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியபோது, எதிர் நடைமேடையில் உயரமான பெண்கள் சிலர் பந்துப் பையோடு உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். தெற்கேயிருந்து வந்து, கடலூர் வண்டிக்காகக் காத்திருந்த பெயர்பெற்ற அணி அது. சார் தண்டவாளத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், எங்கள் ஊரின் புவியியலையே அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பவர்போல ஒரு நிமிடம் நின்றார்.

"ஏம்மா, ஒங்க வண்டிக்கு இன்னும் எவ்ளோ நேரம் இருக்குது?"

"ரெண்டு மணி நேரம் சார். ஏன்?"

"சும்மா ஒக்காந்து முறுக்கு துன்றதுக்கு, வந்து எங்க பசங்கள ஒரு வாட்டி தோக்கடிச்சுட்டுப் போவலாமே!"

அப்படித்தான் அவர் ஜங்ஷன் சார் ஆனார்.

அடுத்த கல்வியாண்டு முழுவதும் அவருடைய அலுவலகம் ரயில் நிலையம்தான். டீக்கடை அண்ணனும் ஆட்டோ ஓட்டுநர்களும் அவருடைய உளவுப்படை. "சார், மூணாவது பிளாட்பாரத்துல நாலு பொண்ணுங்க, எல்லாம் பனமரம் கணக்கா இருக்குதுங்க!" என்று போன் வந்தால் வகுப்பறை காலியாகும். ஒருமுறை ஒரே நிறச் சேலையில் நெடுநெடுவென்று இறங்கிய பெண்களை வழிமறித்தார்.

"எந்தக் காலேஜும்மா?"

"காலேஜா? நாங்க நல்லூருக்குக் கல்யாணத்துக்குப் போறோங்க."

"முகூர்த்தம் எத்தினி மணிக்கு?" என்று கேட்டாரே தவிர, மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. அந்த உயரத்தை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊருக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. அவர்கள் கையில் ஒரு பீங்கான் பொருளாவது போக வேண்டும். செராமிக் பட்டறைக்காரர்களிடம் சொல்லி, சூளையில் லேசாகக் கோணிப்போன பொம்மைகளைச் சார் வாங்கி வைத்திருப்பார். ஒரு பயிற்சியாளர் அம்மையார் தம்முடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது என்ன மிருகம்?"

"யானைங்க. சூளைக்குள்ள கொஞ்சம் சோம்பல் முறிச்சிடிச்சு."

ஆட்டங்கள் நடந்தன, தோல்விகளும் தவறாமல் நடந்தன. முதல் ஆட்டத்தில் எதிரணி எடுத்த புள்ளிகளைக் குறிப்பதற்குள் எனக்குக் கை வலித்தது. தாளாளர் ஐயா சாரைக் கூப்பிட்டனுப்பினார். "ஊரு ஒலகத்துல ஆளப் புடிச்சு, டீ வாங்கிக் குடுத்து, பொம்மையும் குடுத்துத் தோக்குற ஒரே காலேஜு நம்ம காலேஜுதான்யா!"

"ஆமாங்கய்யா" என்றார் சார், பாராட்டைப் பெற்றுக்கொள்பவர்போல.

எனக்கும் கவலை இருந்தது. தொடர்ந்த தோல்வி இளம் மனங்களை என்ன செய்யும் என்பது புறக்கணிக்கத்தக்க கேள்வி அன்று. சாரிடமே கேட்டேன்.

"எளச்சவன மடக்கிப் புடிச்சா ஒடம்புதான் சூடாவும்மா. வலுத்தவன்கிட்ட விழுந்தா, நாம எங்க வீக்குன்னாவது தெரியும். ஷமீமைக் கேளு."

ஷமீம் சிரித்தாள். "அக்கா, மொத மேட்ச்ல அவங்க பந்தயே நான் பாக்கல. இப்ப பந்து எங்க போவுதுன்னு தெரியுது. புடிக்கத்தான் முடியல."

உண்மைதான். இடைவெளி ஆட்டத்துக்கு ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது. மண்டலத்தில் மறுபடி இரண்டாமிடம். தேர்வுக்குழு கூடுவதற்குச் சில வாரங்கள் இருந்தபோது, விவரங்களைச் சரிபார்க்க நான் குழு அலுவலகத்துக்குத் தொலைபேசினேன்.

"ஆட்டம் முழுசா முடிஞ்சதா? நாலு பகுதியும்?" என்றார் அங்கிருந்தவர்.

ஆட்டக் குறிப்பேட்டைப் புரட்டினேன். கூடைப்பந்தில் நான்கு பகுதிகள். நாங்களோ ரயிலை நம்பி ஆடியவர்கள். மூன்றாவது பகுதி முடியும்போது ஆட்டோக்கள் ஹாரன் அடிக்கும். எதிரணி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும். ஓர் ஆண்டு முழுக்க, தமிழ்நாட்டின் சிறந்த அணிகள் பலவற்றோடு மோதியிருந்தோம். ஒன்றோடுகூட ஆடி முடிக்கவில்லை. முடியாத ஆட்டம் கணக்கில் சேராது என்றார் தொலைபேசியில் பேசியவர்.

சார் ஜெயிப்பதைப் பற்றி யோசித்தார், தோற்பதைப் பற்றி யோசித்தார். முடிப்பதைப் பற்றி எங்களில் ஒருவருமே யோசிக்கவில்லை.

"ஒரே ஒரு மேட்ச்சும்மா" என்றார் சார், ஷமீமிடம். "பெரிய டீமா, முழுசா. ஜெயிக்கவேணாம், முடிச்சா போதும்." தாளாளரிடம் போய், எதிரணியைக் கொண்டுபோய் விடக் கல்லூரிப் பேருந்தைக் கேட்டார். "தோக்குற டீமுக்கு டீசலு வேறயா?" என்று பதில் வந்தது.

குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, தெற்கின் மிக வலுவான அணி கடலூர்ப் பக்கம் ஒரு போட்டிக்குப் போகும் வழியில் எங்கள் ஜங்ஷனில் இறங்கியது. அவர்கள் பயிற்சியாளர் அம்மையார் கண்டிப்பானவர். "வண்டி வந்தா கிளம்பிடுவோம் சார். காலையில எங்களுக்கு ஆட்டம் இருக்கு."

"வண்டியத் தவற வுடவே மாட்டீங்க மேடம். அது என் பொறுப்பு" என்றார் சார். நேரத்தைக் கணக்கிட்டேன். ரயில் அரைமணி நேரமாவது தாமதமானால் மட்டுமே நான்காவது பகுதிக்கு வாய்ப்பு.

செய்தி பரவி, பட்டறைகளிலிருந்து கைகளில் வெள்ளைக் களிமண் காயாமலே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஓர் ஆட்டோக்கார அண்ணன், ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நேர்முக வருணனை செய்தார். "சின்னசேலத்துல நிக்குது! இன்னும் நிக்குது!" கூட்டம் கைதட்டியது. ஆடுகளத்தில் என்ன நடந்ததென்று புரியாமல் எதிரணியினர் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அந்த ரயிலில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கலாம். யாரோ ஒருவர் நேர்காணலுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அவர்களிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நானும் வேண்டிக்கொண்டேன்.

தாளாளர் ஐயா சத்தம் போடத்தான் வந்தார். வந்தவர் என் பக்கத்தில் நின்றார். "நாம எவ்ளோ?" என்றார். சொன்னேன். "அவங்க?" சொன்னேன். நாற்காலி கேட்டார். மூன்றாவது பகுதி முடிந்தபோது நாங்கள் மூன்றே புள்ளிகள் பின்தங்கியிருந்தோம். அவரோ நாற்காலியில் இல்லை, எல்லைக்கோட்டில் நின்றிருந்தார்.

நான்காவது பகுதி தொடங்கிச் சற்று நேரத்தில் ஆட்டோக்கார அண்ணனின் குரல் இறங்கிப்போனது. "சார்... கெளம்பிடிச்சு. வேகமா வருது."

பயிற்சியாளர் அம்மையார் சாரைப் பார்த்தார். எங்கள் எல்லோருடைய கண்களும் சாரின் மேல். அவர் கெஞ்சுவார், கதை சொல்வார், கடிகாரத்தைத் திருப்பி வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஆடுகளத்துக்குள் போய், நடுவரைக் கையமர்த்தி நிறுத்தினார்.

"போதும்மா. அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்." ஷமீமின் முகத்தைப் பார்க்காமலே குனிந்து எதிரணியின் பைகளைத் தோளில் மாட்டத் தொடங்கினார். ஷமீம் பந்தோடு அப்படியே நின்றாள். அதுவரை அவர் செய்ததிலேயே மிகச் சாதாரணமான காரியம் அதுதான். அதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை.

"யோவ், பையக் கீழ வையி!"

தாளாளர் ஐயா. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "நம்ம பஸ்ஸு எதுக்கு இருக்குது? மேடம், கடலூரு என்ன, நீங்க தங்குற வாசல்லயே எறக்கி வுடுறோம். மூணு புள்ளியில வுட்டுட்டுப் போனா எனக்கு எப்புடிங்க தூக்கம் வரும்?"

அம்மையார் தயங்கினார். அவருடைய அணித்தலைவியே முன்னால் வந்து, "முடிச்சிட்டே போலாம் மேடம். எங்களுக்கும் தூக்கம் வராது" என்றாள்.

முடித்தோம். ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம். கடைசி நொடியில் ஷமீம் எறிந்த பந்து வளையத்தைச் சுற்றி வந்து, உள்ளே போக மனமில்லாமல் வெளியே விழுந்தது. சத்தம் நிலையம்வரை கேட்டதாகப் பிறகு டீக்கடை அண்ணன் சொன்னார்.

"தோத்துட்டமா?" என்றார் தாளாளர் ஐயா.

"ஆமாங்கய்யா."

"அப்பறம் ஏன்யா எல்லாரும் கைதட்டுறாங்க?"

"நீங்களுந்தான் தட்டுறீங்கய்யா" என்றார் சார்.

குழுத் தலைவர் இம்முறையும் "யாரை?" என்றுதான் தொடங்கினார். சார் எதிரணியின் பெயரையும் நான்கு பகுதிகளின் புள்ளிகளையும் சொல்லிவிட்டு, "தோத்துட்டோங்க" என்று பெருமையோடு முடித்தார். எங்கள் அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய போட்டியில் ஓர் ஆட்டம் ஜெயித்தோம், அடுத்ததில் வெளியேறினோம். ஷமீமுக்கு உடற்கல்விக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மாமா பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, சுழல் நாற்காலியில் தாமே உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் அந்தச் செய்தியைச் சொன்னார்.

அதன்பிறகு எங்கள் கல்லூரியில், வெளியாட்டங்களில் பாதியாவது எங்களைவிட வலுவான அணிகளோடுதான் நடக்கின்றன. அவற்றுக்குக் கல்லூரிப் பேருந்தும் விடப்படுகிறது. ஜங்ஷன் சார் ஒவ்வொன்றுக்கும் கூடவே போகிறார். தோற்றுத் திரும்பும் நாட்களில், தம் ஜன்னலோர இருக்கையை அன்று அதிகம் அழுத பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, விருத்தாசலம் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருகிறார்.