நாலு கட்டிலும் ஒரு ஜன்னலும்

அறுநூறு பேருக்குப் படுக்க இடம் ஒதுக்கத் தெரிந்தவன், கட்டிய மனைவிக்கு மூன்று நாளைக்கு ஓர் அறை பார்க்கத் தெரியாமல் இத்தாலி வரை போய் மானத்தைக் கப்பலேற்றிவிட்டு வந்தான். அவன் வேறு யாருமில்லை, நான்தான்.

துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் எனக்குத் தங்குமிடப் பொறுப்பு. சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் எந்த ரூமில் எந்தக் கட்டிலில் யார் என்பதை நான்தான் முடிவு செய்வேன். ரூம் என்றால் ஆறே விஷயம்: ஏசி, பாத்ரூம், கிச்சன், படிக்கட்டு, கட்டில், பஸ் நிற்கும் இடம். இதை எக்செலில் போட்டுப் பத்துக்கு மார்க் கொடுப்பேன். புதிதாக வருகிறவர் கட்டிலில் பையை வைத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "சார், காலைல பஸ் எத்தனை மணிக்கு?" என்பதுதான். யார் எப்படிக் கேட்டார்கள் என்று ராத்திரி சாப்பாட்டில் நடித்துக் காட்டுவேன். மனைவி கலா சிரிப்பாள். (அது பின்னால் எனக்கே திரும்பும் என்று அப்போது தெரியாது.)

எங்கள் வீடு ஷார்ஜாவில். ஹாலில் இருக்கும் ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதில் ஒரு ஏசி பெட்டி. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பதினோரு வருஷமாகக் கலா அதைப் பார்த்துக்கொண்டுதான் காபி குடித்தாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆவதை ஒட்டி என்ன வேண்டும் என்று கேட்டேன். நகை என்பாள் என்று பயந்திருந்தேன். அவள் செல்போனை நீட்டினாள். இத்தாலியில் ஒரு பழைய கடலோரக் கிராமம். மலைச்சரிவில் ஒன்றன் தலைமேல் ஒன்றாகக் கலர் கலராக வீடுகள், எல்லாம் நூற்றுக்கணக்கான வருஷத்துப் பழசு. உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வீடு, பச்சைக் கதவு போட்ட ஜன்னல்.

"காலைல எந்திரிச்சு இந்த ஜன்னலத் தொறந்தா கடல் தெரியணும். வேற ஒண்ணும் வேணாங்க."

"கடலுதான் வேணும்னா நம்ம மம்சார் பீச்சுக்கே..." என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டேன்.

ஆரஞ்சு வீட்டையே புக் செய்து, அந்தக் காகிதத்தை வைத்து விசாவும் வாங்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வளைகுடாவில் இருக்கிற நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விசாவுக்குக் காட்ட ஓர் இடம், தங்குவதற்கு ஓர் இடம். விசா கைக்கு வந்ததும் முதலாவதை ரத்து செய்துவிடுவோம். என் கை சும்மா இருக்கவில்லை. அந்தக் கிராமத்தில் இருக்கிற தங்குமிடங்கள் அத்தனையையும் எக்செலில் ஏற்றினேன். ஆரஞ்சு வீடு பத்துக்கு மூன்று. நூற்று நாற்பத்திரண்டு படி, ஏசி கிடையாது, கிச்சன் கிடையாது. இன்னோர் இடம் பத்துக்கு ஒன்பதரை. தரைத்தளம், தனி கிச்சன், ஏசி, வாஷிங் மிஷின், ரயில் ஸ்டேஷனிலிருந்து இரண்டு நிமிஷம், மூன்று பேருக்கு நாலு கட்டில். போட்ட ஏழு படத்திலும் ஜன்னல் தெரியவில்லை. என் எக்செலில் ஜன்னலுக்கென்று ஒரு கட்டமே இல்லை என்பதால் அது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை.

கேம்ப் ஆபீஸில் உட்கார்ந்து நான் ரத்து பட்டனைத் தட்டப் போன நேரத்தில் முனியாண்டி வந்து நின்றார். கமுதிப் பக்கத்துக்காரர், கம்பி கட்டுகிறவர். ஜன்னலோரக் கட்டில் வேண்டும் என்று ஐந்தாவது முறையாக வந்திருந்தார்.

"ஜன்னலோரம் தூசி வரும் முனியாண்டி. வெயில் வேற. அங்கேர்ந்து என்ன தெரியப் போவுது, பஸ்ஸு நிக்கிற எடந்தானே?"

"ஆமா சார். அங்கன ஒரு வேப்பமரமும் நிக்குது சார்."

"கலாஸ், போதும், அப்புறம் பாப்போம்" என்று அனுப்பிவிட்டு ஆரஞ்சு வீட்டை ரத்து செய்தேன். கலாவிடம் சொல்லவில்லை. நேரில் பார்த்து அசந்துபோவாள் என்று நினைத்தேன்.

அசந்துதான் போனாள். ரயிலை விட்டு இறங்கியதும் கலா அண்ணாந்து பார்த்து, மகள் வர்ஷாவுக்குக் காட்டினாள். "அதோ பாருடி, உச்சில. அதான் நம்ம வீடு." அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் முன்வைத்த காலைப் பின்வைக்காமல், "யல்லா, இப்படி வாங்க" என்று கீழே திரும்பினேன்.

வீட்டுக்காரம்மா சாவியோடு காத்திருந்தார். அறுபது வயது, குண்டு உடம்பு, கணீர்க் குரல். செல்போனில் மொழிபெயர்த்துப் பேசினார். அந்த அறை அவருடைய தாத்தா காலத்தில் படகு நிறுத்துகிற கொட்டகையாம். நான் பெருமையோடு, "பாத்தியா, சரித்திரம்" என்றேன். கலா அதற்குள் அறையின் கோடியில் ஒரு மரக்கதவு போட்ட ஜன்னல் இருந்ததைப் பார்த்துவிட்டாள். ஓடிப்போய்த் திறந்தாள்.

எதிரே கைக்கெட்டும் தூரத்தில் பாறை. பாறையில் இரும்புச் சட்டம் அடித்து ஒரு ஏசி பெட்டி. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"மம்மி, எக்ஸாக்ட்லி நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்றாள் வர்ஷா.

"கூலிங் நல்லா இருக்கு பாரு" என்றேன் நான். (அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.)

கலா திட்டவில்லை. பையை நாலாவது கட்டிலில் வைத்தாள். அதில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்து, அமைதியாகக் கேட்டாள்:

"சார், காலைல பஸ் எத்தனை மணிக்கு?"

வர்ஷா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அப்படியே அந்தப் படகுக் கொட்டகைக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. நூற்று நாற்பத்திரண்டு படியையும் மூச்சிரைக்க ஏறி ஆரஞ்சு வீட்டுக் கதவைத் தட்டினேன். மேலே பச்சை ஜன்னலில் ஒரு வெள்ளைக்காரர் காபியோடு எட்டிப் பார்த்தார். பதற்றத்தில் என் வாயில், "பாய், ஒன் மினிட், திஸ் மை வைஃப் ரூம்" என்றுதான் வந்தது. அவர் உள்ளே திரும்பித் தன் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். ஊரில் வேறெங்கும் இடம் காலியில்லை.

மறுநாள் காலை கலா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். படகுத்துறைப் பக்கம் போட்டு உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். அதைக் கவனித்த வீட்டுக்காரம்மா கீழே இறங்கி வந்து, அவள் கையைப் பிடித்து மாடியில் இருந்த தன் சமையலறைக்குக் கூட்டிப் போனார். அங்கே பெரிய ஜன்னல், முழுக்கக் கடல். பின்னாலேயே போன என்னை வாசலில் நிறுத்தி, செல்போனைக் காட்டினார். அதில், 'கணவர் கீழேயே இருக்கலாம், அவருக்குப் பிடித்த அறை' என்று வந்திருந்தது.

மூன்று நாள் காலையும் மேலே வர்ஷாவையும் சேர்த்து மூன்று பெண்களும் ஆளுக்கொரு பாஷையில் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் கீழே தனியாகக் காபி போட்டுக் குடித்தேன். பார்ப்பதற்கு அந்த ஏசி பெட்டி மட்டும்தான். முதல் நாள் கோபம் வந்தது. இரண்டாம் நாள் சொட்டுகளை எண்ணினேன். மூன்றாம் நாள் காபி இறங்கவே இல்லை. இதையா இவள் பதினோரு வருஷம் பார்த்தாள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து டியூட்டியில் சேர்ந்த அன்றைக்கே எக்செலில் ஏழாவதாக ஜன்னலுக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். முனியாண்டியைக் கூப்பிட்டு ஜன்னலோரக் கட்டிலைக் கொடுத்தேன். "லீவு நல்லபடியா போச்சா சார்?" என்று அவர் கேட்டார். நல்லபடியாகப் போனது என்றேன்.

சென்ற வருஷம் வீடு மாறினோம். இந்த முறை கலா தனியாகப் போய்ப் பார்த்து முடித்தாள். ஐந்தாவது மாடி, லிஃப்ட் வாரத்தில் நான்கு நாள்தான் ஓடும், கிச்சனில் இரண்டு பேர் நிற்க முடியாது. என் கணக்கில் பத்துக்கு இரண்டரை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்குக் கடல் தெரியும்.

கம்பெனி பஸ் இப்போது பதினைந்து நிமிஷ நடையில் நிற்கிறது. வேர்க்க விறுவிறுக்கத் தெருவைக் கடக்கும்போது நிமிர்ந்து பார்ப்பேன். கலா காபி டம்ளரோடு ஜன்னலில் நிற்பாள். தெருவே கேட்கிற மாதிரி தினமும் அதையேதான் கேட்பாள்:

"சார், பஸ் எத்தனை மணிக்கு?"