மாப்பிள்ளை இல்லாமல் படத்துக்குப் போனது

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அங்கு உங்கள் கை நடுக்கம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

குடியை விடுவதற்காகப் போன இடத்தில் தொண்ணூறு நாள் இருக்க வேண்டியவர், நாற்பதாம் நாளே 'நான் இல்லாமல் வீடு தடுமாறும், கிளம்பி வருகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடுமாற்றமும் இல்லை. பைலட் இல்லாவிட்டால் விமானம்தான் நிற்கும், வீடு நிற்காது. நானும் முப்பது வருடம் லிஃப்ட் ஓட்டியவன். உங்கள் உயரம் இல்லை, பதினான்கு மாடிதான். ஆனாலும் பாதி வழியில் கதவைத் திறந்து யாரையும் இறங்க விட்டதில்லை.

நாங்கள் எவ்வளவு சௌக்கியம் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சினிமாவுக்கே போனோம். மாடி வீட்டுக்காரர் டிக்கெட்டை நீட்டி, "உங்க மாப்பிள்ளை பைலட்டுதானே, இதுவும் பைலட் படம்தான், போயிட்டு வாங்க" என்றார். நீங்கள் பயிற்சிக்குப் போயிருப்பதாக அவரிடம் கதை அளந்து வைத்திருப்பதால் மறுக்க வழியில்லை. கிளம்பும்போது, நீங்கள் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்த பட்டியலை, உங்கள் விமான வழக்கப்படி என் மகள் வாசிக்க, நாங்கள் பதில் சொன்னோம். "கேஸ்?" "மூடியாச்சு." "மோட்டார்?" "நிறுத்தியாச்சு." எல்லாம் ஒழுங்காக நடந்தது. பூட்டு மட்டும் கொஞ்சம் மக்கர் செய்ததால் இருபது நிமிடம் தாமதமாகிப் போய், இருட்டில் யார் யார் காலையோ மிதித்து உட்கார்ந்து நிமிர்ந்தால், திரையில் பைலட் சீருடையோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறான்.

உங்கள் அத்தை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? "வேணாம்ப்பா, அதைக் கீழ வை" என்று தியேட்டருக்கே கேட்கும்படி அவனைக் கெஞ்ச ஆரம்பித்தாள். முன் வரிசைக்காரர் திரும்பி, "அம்மா, அது படம்" என்றார். "படமா இருந்தா என்ன, அவனுக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்குமில்ல" என்றாள். அவன் பாட்டிலைக் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்குள் ஒளித்துவைக்கிற காட்சி வந்ததும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தைக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டியிருந்தது, பிறகு மகளுக்கு, பிறகு எனக்கு. நான் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவியதில் உள்ளே மிதக்கிற பந்து கையோடு வந்துவிட்டது, கூடம் வரை தண்ணீர். பிளம்பர் வந்து, "எதைத் தேடினீங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன். உண்மையிலேயே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை, மாப்பிள்ளை. ஈரத் தரையில் நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிக்க வேண்டும்.

பாதியில் எழுந்து வந்ததுதான் நாங்கள் செய்த தப்பு. அந்தப் பையன் தேறினானா இல்லையா என்று தெரியாமல் அத்தைக்கு இன்றுவரை சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே இங்கு ஒருவரும் உங்களுக்காக ஏங்கிக் கிடக்கவில்லை. மீதி ஐம்பது நாளையும் நிதானமாக முடித்து வாருங்கள். நல்ல தூக்கமும் நடுங்காத கையும் உங்களுக்கு வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
பதினான்கு மாடி மாமா

பின்குறிப்பு: நன்றாக இருக்கிறோம் என்று எழுதச் சொன்னது உங்கள் டாக்டர். பூட்டில் ஒரு கோளாறும் இல்லை. பட்டியலின் கடைசி வரியை, "எல்லாரும்?" என்று என் மகள் வாசித்தாள். அதற்கு "வந்தாச்சு" என்று சொல்கிறவர் எப்போதும் நீங்கள்தான். நானும் அத்தையும் செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் நின்றோம். அவள் இன்னொரு முறை வாசித்துவிட்டு, கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அந்த இருபது நிமிடம் அதில்தான் போனது. கடைசியில் நான்தான் "வந்தாச்சு" என்று பொய் சொல்லிப் பூட்டினேன். ஐம்பது நாள் சமாளித்துக்கொள்கிறேன், மாப்பிள்ளை. அதற்கு மேல் என்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது.