உன் நீல ஸ்டூலின் கால்

என் அன்பு மனைவிக்கு,

நீயும் மகளும், பிறந்து இருபது நாளே ஆன நம் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். சுகமில்லாதது உன் நீல பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றுதான். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பிப்பாய், மீதியை நான் மறந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

ஏறி நிற்காதீர்கள் என்று நீ சொல்லிவிட்டுப் போன அதே ஸ்டூலில் ஏறிச் சமையலறை பல்பை மாற்றினேன். பல்பு எரிந்தது, ஸ்டூலின் ஒரு கால் முறிந்தது. உன் முட்டிவலிக்குத் தோதான உயரம் அது ஒன்றுதான், நாலு கடை ஏறி இறங்கியும் அந்த அளவில் வேறு கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை நீ வந்து காய் நறுக்க அதில் உட்கார்ந்து விழுந்து வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்ததுமே பசை வாங்க ஓடினேன். வெள்ளைப் பசை தடவினேன், காய்ந்ததும் தோலாக உரிந்து வந்தது. இரண்டு டியூபைக் கலந்து பூசும் பசை மறுநாள் காலையில் வில்லையாகக் கழன்று விழுந்தது. நொடியில் ஒட்டும் பசையோ என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டியதோடு சரி, ஸ்டூல் கண்டுகொள்ளவே இல்லை. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டம்மா வந்து, நேற்றுக் கொடுத்த சூப் எப்படி என்று கேட்டார். நான் கையைத் தூக்க, ஒட்டிய விரல்களைப் பார்த்து அபாரம் என்கிறேன் போலும் என்று பூரித்துப்போனார். அன்றிலிருந்து தினமும் சூப் வருகிறது, உப்பே இல்லாமல்.

கடைசியில் ஹார்டுவேர் கடைக்கார அம்மா ஸ்டூலைக் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும் ஐந்து என்ற எண்ணைக் காட்டினார். "இந்த பிளாஸ்டிக் எதையும் கிட்ட சேர்க்காதுங்க. முதல்ல பசையைப் பிடிக்க வைக்கிற பிரைமர் தடவுங்க, அது காயட்டும், அப்புறம் பசை. நடுவுல கை மட்டும் வெச்சிராதீங்க."

என்னிடம் போய்ச் சொல்கிற பேச்சா இது? சுவருக்கு வண்ணம் அடித்த அன்றே ஐந்து விரலையும் பதித்தவன் நான். காய்ந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தே இரண்டு முறை கெடுத்தேன். மூன்றாம் முறை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். ஒட்டிவிட்டது!

உன்னைவிடப் பதினைந்து கிலோ கூடுதல் நான், எனக்குத் தாங்கினால் உனக்குத் தாங்கும் என்று மூன்று நாளாக அதில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறேன். நேற்றுக் கால் கிலோ பீன்ஸ் நறுக்குவதற்குள் அடுப்புக்கும் கதவுக்கும் போனுக்குமாக ஒன்பது தடவை எழுந்தேன். ஒவ்வொரு தடவையும் முட்டியைப் பிடித்துக்கொண்டேன். கூடத்தில் கைவைத்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு "தண்ணி கொண்டா", "என் கண்ணாடி எங்க" என்று நான் கூப்பிட்டபோதெல்லாம் நீ இதிலிருந்துதானே எழுந்து வந்தாய்? இத்தனை வருஷமாக எனக்கு அது உறைக்கவே இல்லை. என்னை மன்னித்துவிடு.

ஸ்டூல் இப்போது கல்லாட்டம் நிற்கிறது. பயப்படாமல் கிளம்பி வா. பேத்தியின் உள்ளங்காலுக்கு ஒரு முத்தம், மகளுக்கு என் ஆசி, மாப்பிள்ளைக்கு அன்பு. வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்.

இப்படிக்கு,
தொட்டுப் பார்க்கும் புத்தி போகாத உன் வீட்டுக்காரன்

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டு, எதற்கும் இன்னொரு முறை பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். ஒட்டிய கால் அசையவில்லை. பக்கத்துக் கால் போய்விட்டது. எனக்கு அடி இல்லை, விழுந்தது நீ இல்லை என்ற நிம்மதியில் தரையிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். இனி ஒட்டுவதாக இல்லை. என் கைவைத்த நாற்காலியைச் சமையலறையில் போட்டுவிட்டேன், அது உனக்கு. நறுக்குவது நான், மேடையருகே நின்றுகொண்டு. நீ உட்கார்ந்த இடத்திலிருந்து "தண்ணி கொண்டாங்க" என்று சொன்னால் போதும்.