சோதிநாதனுக்குப் பரிசு கிடைத்த நாள்

ஒரு பல்கலைக்கழகத்தில் புதிய திட்டம் தொடங்கக் கணினி வேண்டும், மின்சாரம் வேண்டும், கூட்டத்துக்குக் கூட்டம் ரோல்ஸும் பிளேன்டீயும் வேண்டும். மாணவர்களும் வேண்டும் என்பது எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் 'கற்றல் முகாமைத்துவ முறைமை' வந்த காலத்தைச் சொல்கிறேன். விரிவுரைக் குறிப்பு, மாணவர் எழுதிக்கொடுக்கும் ஒப்படை, கேள்வி பதில் எல்லாவற்றையும் ஒரே இணையத்தளத்தில் வைக்கும் ஏற்பாடு அது. பெயர் வாயில் நுழையாததால் எல்லோரும் எல்.எம்.எஸ். என்றோம். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டார் யாரோ ஒதுக்கிய உதவி, எங்கெங்கோ அலைந்து, போர் முடிந்த பிறகுதான் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. (தந்தவர்களே அதற்குள் மறந்துபோயிருப்பார்கள்.) நான் அப்போது கணினிப் பிரிவில் தற்காலிக உதவி விரிவுரையாளர். வயது இருபத்தைந்து. தலைக்கனம் அதைவிடக் கூட.

திட்ட வரைவை எழுதும் பொறுப்பைப் பிரிவுத் தலைவர் பரமநாதன் சேர் என்னிடம் தந்தார். ஒரு குளிர் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் வரைவை எடுத்துவைத்து அப்படியே தமிழாக்கினேன். 'பனி பொழியும் நாட்களில் மாணவர்கள் வீட்டிலிருந்தே பாடங்களைப் பார்வையிடலாம்' என்று ஒரு வரி அதில் தப்பிப் பிழைத்துவிட்டது. மட்டக்களப்பில் பனி எங்கே பொழிகிறது? ஆனால் குழுவில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒரேயொருவர் மட்டும் மாசிப் பனியும் இதில் அடங்குமா என்று விசாரித்தார். அடங்கும் என்றார் தலைவர். வரைவு ஏகமனதாக நிறைவேறியது.

தளம் தயாரானது. மாணவர்களுக்குக் கடவுச்சொல் கொடுத்தோம், செயலமர்வு வைத்தோம், மதியச் சாப்பாடும் போட்டோம். சாப்பாட்டுக்கு வந்தவர்கள் தளத்துக்கு வரவில்லை. அப்போது பலருக்கு வீட்டில் கணினி இல்லை. இருந்தவர்களுக்கோ அதில் பார்க்க வேறு நல்ல விஷயங்கள் இருந்தன. திறப்பு விழா நெருங்கியது. கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் வரவிருந்தார். பரமநாதன் சேர் என் மேசைக்கு வந்து, "தளத்தில கொஞ்சம் ஆள் நடமாட்டம் தெரியவேணும் மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆள் நடமாட்டத்துக்கு ஆள் வேண்டும். தளத்தைப் பரீட்சித்துப் பார்க்க நான் ஏற்கெனவே ஒரு பொய் மாணவனை உருவாக்கி வைத்திருந்தேன். சோதனைக்கு வந்தவன் என்பதால் சோதிநாதன் என்று பெயர். ஊர் உன்னிச்சை. படம் இல்லாமல் பார்க்க வெறிச்சென்று இருந்தது. என் கணினியில் கிடந்தது தம்பி ரகுவின் படம்தான். கட்டாருக்கு வேலைக்குப் போவதற்காகக் கழுத்துப்பட்டி கட்டி எடுத்தது. (கட்டார் போகவில்லை, கழுத்துப்பட்டியும் பக்கத்து வீட்டுக்காரருடையது.) உயர்தரப் பரீட்சையை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அசையாமல் நின்றவன் அவன். கல்லடியில் போன் கடை வைத்து ரீலோட் போட்டுக்கொண்டிருந்தான். அவன் படத்தை ஏற்றினேன். அன்றிலிருந்து சோதிநாதன் படிக்கத் தொடங்கினான்.

எல்லாப் பாடத்திலும் சேர்ந்தான். கேள்வி கேட்டான். ஒப்படையை முதல் ஆளாகக் கொடுத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு விரிவுரைக்கும் நன்றி சொன்னான். இந்த நன்றியில்தான் விவசாயபீடத்துத் தம்பிராசா சேர் விழுந்தார்.

தம்பிராசா சேர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். கணினியைத் தொட்டால் ஷொக் அடிக்கும் என்று நம்பியவர். நானே பக்கத்தில் இருந்துதான் தட்டச்சுப் பழக்கினேன். நெல்லைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சியைப் பற்றிச் சோதிநாதன் ஒரு கேள்வி கேட்க, அவர் நான்கு பந்தியில் பதில் எழுதினார். ஒற்றை விரலால் எழுதியது. அதற்கு ஒரு நன்றி போயிற்று. அதற்கு அவர் ஒரு வாழ்த்து அனுப்பினார். அவரும் உன்னிச்சைக்காரர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரித்திருந்தார். சோதிநாதனின் குடும்பம் சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து வேறெங்கோ இருப்பதாக எழுதிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு அவருக்கு அவன்மேல் பாசம் இரண்டு மடங்காயிற்று.

உண்மையைச் சொல்ல ஒருநாள் அவருடைய அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இத்தனை வருசம் படிப்பிச்சன் மனே. எனக்கு நன்றி எண்டு எழுதின முதல் பெடியன் இவன்தான்."

நான் பிரின்டருக்கு மை வாங்க வந்ததாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விழாவுக்கு முதல் நாள்தான் செய்தி என் காதுக்கு எட்டியது. தளத்தை அதிகம் பயன்படுத்திய சிறந்த பாவனையாளருக்குப் பரிசு கொடுக்கவேண்டும் என்று தம்பிராசா சேர் முன்மொழிந்து, தலைவரும் சம்மதித்து, கேடயத்தில் பெயரும் பொறித்தாகிவிட்டதாம். அன்றிரவு என் திட்டம் எளிமையானது. பெயரைக் கூப்பிடுவார்கள், ஆள் வரமாட்டான், சுகமில்லை என்று நான் சொல்லிவிடுவேன். ஆள் இல்லாமல் இருப்பதைவிட வேறு சுகவீனம் என்ன வேண்டும்?

விழா நாள். பெரியவர் வந்ததால் வாசலில் கெடுபிடி. வெளியாட்கள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். பின்னேரம் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போக வரச்சொல்லியிருந்த தம்பி, விழாவில் சாப்பாடு இருக்கும் என்று மோப்பம் பிடித்து மத்தியானமே வந்துவிட்டான். கன்ரீன் பக்கம் போய்க்கொண்டிருந்தவனைத் தம்பிராசா சேர் கண்டார். படத்தில் பார்த்த அதே முகம். கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாராம். பரிசு இருக்கிறது, வா என்றாராம். பரிசு என்று யாராவது சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்கும் வழக்கம் எங்கள் தம்பிக்கு இல்லை.

நான் மேடைக்குப் பக்கத்தில் புரொஜெக்டரோடு நின்றிருந்தேன். "சோதிநாதன்" என்று கூப்பிட்டார்கள். மண்டபத்தின் பின்புறமிருந்து, தம்பிராசா சேர் தள்ளிவிட, என் தம்பி நடந்து வந்தான். கேடயத்தை வாங்கினான், பெரியவருக்குக் கும்பிடு போட்டான். அறிவிப்பாளர் சும்மா இருந்திருக்கலாம். எல்.எம்.எஸ். பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிவாங்கியை நீட்டினார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் கையால் வேண்டாம் என்று காட்டினேன். அவன் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டான்.

"எல்லாருக்கும் வணக்கம். எஸ்.எம்.எஸ்ஸை விட இந்த எல்.எம்.எஸ். நல்லம். எஸ்.எம்.எஸ்ஸில நிறைய எழுதேலாது. இதில எவ்வளவும் எழுதலாம். ராவைக்கு அனுப்பினா காசும் குறைவு. பெக்கேஜ் போடுறாக்கள் கல்லடியில நம்மட கடைக்கு வாங்க."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, பெரியவரும் கைதட்டினார். தப்பிவிட்டோம் என்று நான் மூச்சு விட்டபோது, வாசலில் அட்டை வாங்கிய சிவில் உடைப் புலனாய்வுக்காரர் தம்பியின் தோளில் கைவைத்துப் பக்கத்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த நாட்களில் இரண்டு பெயரோடு பிடிபட்டால் ஒளிந்திருக்கும் இயக்கத்து ஆளோ என்றுதான் பார்ப்பார்கள், அது விளையாட்டு விஷயம் அல்ல. அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களைத் தேடி இன்னும் அலைகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. கேபிள்களை மிதித்துக்கொண்டு ஓடினேன்.

மேசையில் தம்பியின் அடையாள அட்டை கிடந்தது. அதில் ரகுநாதன். கேடயத்தில் சோதிநாதன். அந்த மனிதர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் தொடங்கினேன். பொய்க்குச் சிங்களத்தில் 'பொறு', பிள்ளைக்கு 'ளமயா'. பொய்ப் பிள்ளை என்று சொல்வதாக நினைத்து, "பொறு ளமயா, பொறு ளமயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தன்னைத்தான் பொறுக்கச் சொல்கிறேன் என்று எண்ணித் தம்பி கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

கடைசியில் தமிழிலேயே சொன்னேன், சோதிநாதன் என்று ஒரு ஆள் இல்லை என்று.

"ஆள் இல்லை?" என்றார் அவர், தெரிந்த தமிழில். "அப்ப இது ஆர்?"

அந்த நேரம் பார்த்துத் தம்பிராசா சேர் உள்ளே வந்தார். தன் மாணவனுக்கு ஏதோ அநியாயம் நடக்கிறது என்று நினைத்திருக்கிறார். இவன் சோதிநாதன்தான், உன்னிச்சைப் பிள்ளை, சண்டையில் இடம்பெயர்ந்த குடும்பம், இதற்குத் தானே சாட்சி என்று அடித்துச் சொன்னார். இதைவிட ஆபத்தான சாட்சியை யாரும் சொல்லியிருக்க முடியாது. தம்பியின் முகத்திலிருந்து முதல்முறையாகச் சிரிப்பு போனது. "அக்கா, ஆர் இந்தச் சோதிநாதன்?" என்றான்.

வேறு வழி இருக்கவில்லை. "சேர், சோதிநாதன் நான்தான்."

தம்பிராசா சேர் என் பக்கம் திரும்பினார். "அந்த அறக்கொட்டிக் கேள்வி?"

"நான்தான் சேர்."

"அந்த நன்றி?"

"அதுவும் நான்தான்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு அந்த மனிதர் பக்கம் திரும்பி, பேராதனையில் படித்த காலத்துச் சரளமான சிங்களத்தில் கொஞ்ச நேரம் பேசினார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். அடையாள அட்டை திரும்பி வந்தது.

வெளியே வந்ததும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "இவள் புத்தியில்லாத மோடச்சி, இவன் அவள்ட தம்பி, ரெண்டு பேராலயும் நாட்டுக்கு ஒரு ஆபத்துமில்ல எண்டன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் நடந்து போய்விட்டார்.

பரமநாதன் சேர் என்னைக் கூப்பிட்டு எழுத்தில் விளக்கம் கேட்டார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாளே கதை வளாகம் முழுக்கப் பரவி, சோதிநாதனின் பக்கத்தைப் பார்க்கவென்றே மாணவர்கள் தளத்துக்குள் நுழைந்தார்கள். கடவுச்சொல்லைத் தொலைத்தவர்கள் என் அறை வாசலில் வரிசையில் நின்றார்கள். சோதிநாதனிடம் நோட்ஸ் கேட்டார்கள், அரியர்ஸ் எத்தனை என்று விசாரித்தார்கள், ஒருத்தி கலியாணமும் கேட்டாள். 'பாவனை எதிர்பார்த்ததைவிட அதிகரித்துள்ளது' என்று தலைவர் அறிக்கை எழுதினார். என்னை எச்சரிக்கையோடு விட்டார்கள்.

தம்பிராசா சேர் மட்டும் தளத்துக்கு வரவேயில்லை. சும்மா கிடந்த அவருடைய பக்கத்தை நான் தினமும் திறந்து பார்த்தேன். ஒருநாள் காலை திறந்தால் ஒரு செய்தி இருந்தது. 'சோதிநாதனுக்கு, நீர் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் தரவில்லை.' கீழே ஆறு பந்தி. ஒற்றை விரல்தான். நான் நன்றி எழுதினேன், இந்த முறை என் சொந்தப் பெயரில்.

சில வருடங்கள் கழித்துத் தம்பிக்குக் கலியாணம். தம்பிராசா சேரும் வந்திருந்தார். வாழ்த்துரைக்கு அழைத்தபோது ஒலிவாங்கியைப் பிடித்து, "என் அன்பு மாணவன் சோதிநாதனுக்கும் மணமகளுக்கும்" என்று தொடங்கினார். வேண்டுமென்றேதான். முகத்தில் சிரிப்பைக் கண்டேன். பெண்ணின் மாமா எழும்பி வந்து, யார் இந்தச் சோதிநாதன், மாப்பிள்ளைக்கு வேறு எங்கும் குடும்பம் இருக்கிறதா என்று கேட்க, அம்மா விளங்கப்படுத்தி முடிக்குமுன் பந்தியில் சோறு ஆறிவிட்டது.

தம்பியின் மனைவி, என் மச்சாள், அந்தப் பெயரை விடவில்லை. நல்ல மனதாக இருந்தால் அவன் ரகு. மீன் வாங்க மறந்து வந்தால் சோதிநாதன். போன வருடம் அவர்களுடைய மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். முதல் நாளே ஆசிரியை அப்பாவின் பெயர் கேட்டிருக்கிறார்.

"எந்தப் பேர் டீச்சர்?" என்று கேட்டாளாம் பிள்ளை. "நல்ல பேரா, அம்மா ஏசுற பேரா?"

விளக்கம் சொல்லிவர என்னைத்தான் அனுப்பினார்கள்.