தண்ணியில போட்டாலும் கெடாத கேமரா

"அந்த பாட்டிலக் கீழ வைங்க. நார்த்தங்கா இன்னும் ஊறவேயில்ல."

ரேணுகாம்பாள் சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மாட்டிக்கொண்ட அவள் கணவன் சக்கரபாணி, அகன்ற வாய் கொண்ட ஊறுகாய் பாட்டிலை மார்போடு அணைத்தபடி, தன் கேமரா அதற்குள் போகுமா என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தான்.

"ரேணு, இது தொழில் விஷயம்."

"தொழில் விஷயத்துக்குத்தான் காலைல எங்கப்பா குடுத்த ரேடியோவத் தண்ணில முக்கினீங்களா?"

ஜவுளிக்கடை கவர் தண்ணீர் தாங்குமா என்று சோதிக்க வேண்டியிருந்தது. கேமராவை வைத்துச் சோதிக்க மனம் வரவில்லை. ரேடியோவைக் கவருக்குள் போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கி, வாளியில் இறக்கினான். செய்தி வாசித்துக்கொண்டிருந்தவர் ஒரு வார்த்தையை முடிக்காமலே போய்ச் சேர்ந்தார்.

எல்லாம் முந்தாநாள் மாலை ஆரம்பித்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குச் சற்று முன்னால் சக்கரபாணியின் போட்டோ ஸ்டுடியோ. எதிர்வீட்டு ஜோதியம்மாள் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறவள். அன்று மாடியிலிருந்து கத்தினாள்.

"பாணி! நம்ம ஜெர்மன்காரரு கேக்கச் சொன்னாரு. தண்ணில போட்டாலும் கெடாத கேமரா வேணு..."

செங்கம் பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே கடந்து போனது. வாக்கியத்தின் வால் அதோடு போய்விட்டது. ஆனாலும் சக்கரபாணிக்குப் புரிந்துவிட்டது: ஜெர்மன்காரருக்கு அப்படியொரு கேமரா வேண்டும்.

"இருக்குன்னு சொல்லுங்கக்கா! நம்மகிட்டயே இருக்கு!"

இல்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. செத்துப்போன பெரியவர் கண்ணைத் திறந்துகொண்டிருப்பதுபோல் படம் வேண்டும் என்று கேட்ட குடும்பத்தையே அவன் திருப்பி அனுப்பியதில்லை. நெகட்டிவில் பென்சிலால் கண்ணைத் திறந்துவிட்டிருக்கிறான்.

மறுநாள் ஜோதியம்மாள் ஸ்டுடியோவுக்கே வந்தாள்.

"உங்கிட்ட இருக்குன்னதும் அவருக்கு ரொம்ப சந்தோஷம் பாணி. ஊருக்குப் போறதுக்குள்ள, ஞாயித்துக்கெழம சமுத்திரம் ஏரில ஓடம் வுடறாராம். கயாக்கோ என்னமோ சொல்றாரு. உன் கேமராவ எடுத்துக்கினு அவசியம் வரணுமாம். அத அவரு பாக்கணுமாம்."

அந்த வருஷம் மழை ஜாஸ்தி. பல வருஷமாகப் பெயரளவில் மட்டும் சமுத்திரமாக இருந்த ஏரி அன்றைக்கு நிஜமாகவே தளும்பிக்கொண்டிருந்தது.

சமையலறையில் சக்கரபாணி பாட்டிலை இன்னும் கீழே வைக்கவில்லை. "எங்கிட்ட இருக்கறது ஒரே கேமரா ரேணு. அத தண்ணி படாம பண்ணிட்டா, நாளைக்கு வெள்ளைக்காரங்க எல்லாரும் நம்ம ஸ்டுடியோதான்."

"வர்ற வியாழக்கெழம கீழ்பென்னாத்தூர் கல்யாணம், ஞாபகம் இருக்குதா? பொண்ணு எங்க சித்தப்பா பேத்தி. அந்தக் கேமராவுக்கு ஏதாச்சும் ஆச்சு, கல்யாணத்த நீங்க பென்சிலாலதான் வரையணும்."

சொல்லிவிட்டு அவள் குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது நார்த்தங்காய் சோற்றுப் பானையில் இருந்தது. பாட்டில் ஸ்டுடியோவில் இருந்தது.

சோப்பு போட்டு மூன்று தரம் கழுவியும் வாசனை போகவில்லை. பரவாயில்லை, படத்தில் வாசனை தெரியாது. கேமரா குறுக்காகச் சரியாக உட்கார்ந்தது. பட்டனை எப்படி அழுத்துவது? மூடியில் ஓட்டை போட்டு, குரூப் போட்டோவுக்கு வைத்திருந்த, தள்ளி நின்றே பட்டனை அழுத்த உதவும் ரிலீஸ் கேபிளை அதன் வழியாக வெளியே எடுத்தான். ஓட்டையை மெழுகால் அடைத்தான். மூடியைச் சுற்றி சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டினான். ஆனால் ஒரு படம் எடுத்தபின் ரோலைச் சுற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

"ஒரே படம்தான். ஆனா அது படமா இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

முதலில் கேமராவை வெளியே எடுத்துவிட்டு ரேடியோவை உள்ளே வைத்துத் தொட்டியில் சோதித்தான். இனி அந்த ரேடியோவுக்கு இழக்க ஒன்றுமில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை! ஆனால் பாட்டில் மூழ்கவுமில்லை. தக்கை மாதிரி மிதந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ரேணுகாம்பாளின் குரல் வந்தது.

"என்னாங்க, அம்மிக் குழவி எங்க?"

"கேமராவுல."

அன்று வீட்டில் சட்னி இல்லை.

ஞாயிறு காலை தருமனின் ஆட்டோவில் ஏரிக்குப் போனார்கள். ஜெர்மன்காரர் யோஹான் பின் சீட்டில் சுருட்டிய காற்றுப் படகோடும், சக்கரபாணி மடியில் பாட்டில், குழவி, கயிறு சகிதமும் உட்கார்ந்திருந்தார்கள். யோஹான் பாட்டிலை ஆசையோடு வாங்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஊறுகாய்?"

"ஸ்பெஷல் கோட்டிங் சார்."

கரையில் பம்பால் காற்றடித்ததும் படகு வெள்ளரிப் பிஞ்சு மாதிரி நீண்டது. ஆடு மேய்ப்பவர்கள், துணி துவைக்க வந்தவர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. கரையில் நின்றே அந்த ஒரு படத்தையும் எடுத்துவிடலாம் என்று சக்கரபாணி பாட்டிலைத் தூக்கினான்.

"நோ, நோ! நீங்க முன்னாடி உக்காருங்க. கேமரா தண்ணிக்குள்ள! தண்ணிக்குள்ள!" என்றார் யோஹான், குழந்தை மாதிரி கைதட்டி.

"போங்கண்ணே, ஊரே பாக்குது" என்றான் தருமன்.

நீச்சல் தெரியாது என்று சொல்ல நல்ல சந்தர்ப்பம் அது. ஆனால் இல்லை, தெரியாது என்ற வார்த்தைகள் சக்கரபாணியின் வாயில் எளிதில் வராதவை. ஏறி உட்கார்ந்தான். கேமரா தொலைந்துவிடக் கூடாதே என்று பாட்டிலையும் குழவியையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

கொஞ்ச தூரம் போனதும் யோஹான் துடுப்பை நிறுத்தினார். "இப்போ!"

சக்கரபாணி பக்கவாட்டில் சாய்ந்து பாட்டிலைத் தண்ணீருக்குள் விட்டான். குழவி தன் வேலையைச் செய்தது. கயிறு விறைத்தது. இடுப்பு போன வழியே சக்கரபாணியும் போனான். படகு தோசை மாதிரி தன்னைத் திருப்பிப் போட்டுக்கொண்டது.

யோஹான் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார். சக்கரபாணி இருமிக்கொண்டே கயிற்றை இழுத்தான். குழவி முழுசாக வந்தது. அதோடு பாட்டிலின் கழுத்து, மூடி, கேபிள். கேபிளின் முனையில் தொங்கிக்கொண்டு கடைசியாகக் கேமரா. ஏரிக்குள் ஏதோ பாறை இருந்திருக்க வேண்டும். லென்ஸிலிருந்து தண்ணீர் ஒழுகி நின்றபின் பாட்டில் கழுத்துக்குள்ளிருந்து ஒரு கெண்டைக் குஞ்சு துள்ளி விழுந்தது.

கூட்டம் சிரித்தது. சக்கரபாணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்தை அந்தக் கண் வழியாகத்தான் அவன் பார்த்திருக்கிறான். இனி வியாழக்கிழமை எந்த முகத்தோடு கீழ்பென்னாத்தூர் போவது? ரேணுகாம்பாளிடம் எதை முதலில் சொல்வது, கேமராவையா, பாட்டிலையா?

யோஹான் தன் துண்டை அவன் தோளில் போர்த்தி, "சாரி, ரொம்ப சாரி" என்று சொல்லிவிட்டுப் படகின் காற்றைப் பிடுங்கப் போனார்.

தருமன் மெதுவாகப் பக்கத்தில் வந்து குந்தினான். ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துவந்த ஒரு மஞ்சள் பெட்டியை நீட்டினான்.

"அண்ணே, இந்த நேரத்துல கேக்கறனேன்னு கோவிச்சுக்காதீங்க. இதுல ரோல் எப்பிடிப் போடறது?"

சக்கரபாணி ஈரக் கையால் வாங்கித் திருப்பினான். தடித்த கண்ணாடி. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம். ஏரிக்குள் எறிந்தாலும் ஒரு சொட்டு உள்ளே போகாத கேமரா.

"டேய், இது ஏதுடா உனக்கு?"

"நேத்து ஜெர்மன்காரருதான் சும்மா குடுத்தாருண்ணே. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உங்களுக்குக் குடுக்கணும்னு, வேணுமான்னு ஜோதியம்மாவக் கேக்கச் சொன்னாராம். நீங்கதான் 'நம்மகிட்டயே இருக்கு'ன்னுட்டீங்களாமே!"