மாப்பிள்ளை தீட்டிய நிப்பு

ஜோஷ்வா தலையைச் சாய்த்து, காதைத் தாளோடு ஒட்டி வைத்துக்கொண்டு எழுதினான்.

"கேக்குதா ஜெனி? சர்ருன்னு ஒரு சத்தம் வருது பாரு."

"எனக்குக் குக்கர் சத்தந்தான் கேக்குது," என்றாள் ஜெனிபர். "இன்னா பண்ணிக்கினு இருக்க நீ? ஷிப்டுக்கு நேரமாவல?"

"பேனா கீறுது. மேல போவும்போது ஒண்ணுமில்ல. கீழ இறங்கும்போது கீறுது."

"யார் பேனா அது?"

"உங்கப்பாவோடது."

ஜெனிபர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "எங்கப்பா பேனா உன் கைக்கு எப்டி வந்துச்சி?"

"அவரேதான் குடுத்தாரு," என்று ஜோஷ்வா நிமிர்ந்து உட்கார்ந்தான். அதைச் சொல்லும்போது சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

பின்னே, சும்மாவா? ஜோஷ்வா ஒரு பொருளை அதன் பாட்டுக்கு இருக்க விடுகிற ஆள் இல்லை. எதைப் பார்த்தாலும் இதை இன்னும் கொஞ்சம் நன்றாக்கலாமே என்று அவனுக்குக் கை அரிக்கும். அப்படி நன்றாக்கிய பிறகு சில சாமான்கள் வேலை செய்யாமல் போனதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கவரைப்பேட்டையில் இருந்த மாமனார் வீட்டில் பெரிதாகவே எடுத்துக்கொண்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் தானியேல் அவனை ஒரு பல்பு மாட்டக்கூட விட்டதில்லை. மாப்பிள்ளை விருந்துக்கு வந்தால் டிவி ரிமோட்டைத் தன் மடியிலேயே வைத்துக்கொள்வார். இதெல்லாம் ஜோஷ்வாவுக்குத் தெரியாமல் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடித்துத் தேய்க்கிற கிரைண்டிங் ஆபரேட்டர் அவன். அவனைப் போய் மாமனார் நம்பவில்லையே என்று உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தான்.

அப்பேர்ப்பட்ட தானியேல் போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். தோளில் கைபோட்டார். அதுவே முதல் தடவை.

"மாப்ள, இந்தப் பேனா கொஞ்சம் கீறுது. நீங்க மிஷின் வேலைல கில்லாடி. கொஞ்சம் பாருங்களேன்."

"என்னிக்கு வேணும் மாமா?"

"அவசரமே இல்ல. நல்லாப் பிரிச்சிப் பாருங்க. இன்னா ஆனாலும் நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

ஜோஷ்வா பேனாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அது லேசுப்பட்ட பேனா இல்லை. தானியேலின் கையெழுத்தைப் பார்த்து மயங்கி, சபையார் மேடையேற்றிப் பரிசளித்த மை பேனா. வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் குடும்பத்துக்கு ஒன்றாக, புது வருஷத்துக்கான பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். மற்ற சபைகளில் அச்சடித்த அட்டை. இங்கே மட்டும் தானியேல் கைப்பட எழுதியதுதான் வேண்டும். அவர் எழுதிய வசனம் அப்படியே நடக்கும் என்று சபையில் ஒரு பேச்சு. ஒருத்தருக்கு லாரி பர்மிட் கிடைத்தது, இன்னொருத்தர் மகளுக்கு வரன் அமைந்தது, எல்லாம் அந்தப் பேனாவின் கணக்கில் ஏறியிருந்தது. முந்நூறு குடும்பங்களின் புத்தாண்டு இப்போது ஜோஷ்வாவின் கையில்.

"வேணாம். அப்டியே கொண்டு போய் குடுத்துடு," என்றாள் ஜெனிபர்.

"உங்கப்பா என்னைய நம்பிக் குடுத்திருக்காரு ஜெனி. இத மட்டும் நான் சரியா பண்ணிட்டேன்னு வெச்சிக்கோ, உங்க ஊட்டுல என் மரியாதையே வேற."

பூதக்கண்ணாடியில் பார்த்தான். நிப்பின் நடுப் பிளவுக்கு இடதுபக்கம் ஒரு நூல் தூக்கலாக இருந்தது. நகத்தால் மெல்ல அழுத்தினான். இப்போது வலதுபக்கம் தூக்கிக்கொண்டது. வலதை அழுத்தினான். இரண்டும் சேர்ந்து இறங்கின. முன்பு கீழே வரும்போது மட்டும் கீறிய பேனா, இப்போது எல்லாத் திசையிலும் கீறியது.

"சத்தம் இப்போ எனக்கே கேக்குது," என்றாள் ஜெனிபர் சமையலறையிலிருந்து.

அதற்கும் வழி இருந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வீடியோவில் காட்டியபடி, இருப்பதிலேயே மெல்லிசான எமரி உப்புத்தாளில் தண்ணீர் விட்டு, எண் எட்டு எழுதுவதுபோல் சுற்றிச் சுற்றி முனையைத் தேய்த்தான். வீடியோக்காரர் பத்து எட்டு போதும் என்றார். ஜோஷ்வா மனசு கேட்காமல் அரைமணி நேரம் போட்டான். அப்புறம் எழுதிப் பார்த்தால், அடடா, வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மை மட்டும் வரவில்லை.

மறுநாள் டூல் ரூமில் சக ஆபரேட்டர் லோகுவிடம் யோசனை கேட்டான்.

"மை வரலன்னா அடைப்பு. பொளவ கொஞ்சம் அகலமாக்கு," என்றான் லோகு. அவனுக்குப் பேனாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாத விஷயத்தில்தான் அவன் தயங்காமல் பேசுவான்.

இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டைப் பிளவுக்குள் விட்டு ஜோஷ்வா இரண்டு தரம் இழுத்தான். மை வந்தது. வந்த மை நிற்கவில்லை. ஒரு புள்ளி வைத்தால் அது தோசையாகப் பரவியது. சட்டைப்பையில் செருகிக்கொண்டு கேண்டீனுக்கு நாஷ்டா சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வரும்போது யூனிபாரத்தின் இடதுபாதி நீலமாகியிருந்தது. சூப்பர்வைசர் பூவராகவன் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, டிபார்ட்மெண்டு மாறிட்டியா?" என்றார். பெயிண்ட் ஷாப்காரர்களுக்குத்தான் அந்தக் கலரில் சட்டை.

"ஓவரா ஊத்துதுன்னா முனை ரொம்ப மெலிசு," என்றான் லோகு. "கொஞ்சம் சப்பையா வெட்டி வுட்டா பிடிச்சிக்கும்."

இதையும் ஜோஷ்வா கேட்டான். அதுதான் அவன் செய்த முட்டாள்தனம். மதிய இடைவேளையில் சின்ன வைரக்கல் சக்கரத்தை ஓட்டி, நிப்பின் முனையை மெல்ல, மிக மெல்லத் தொட வைத்தான். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நிப்பின் நுனியில் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு உலோக மணி உண்டு. தாளைத் தொடுவதே அதுதான். அதைக் காணோம்.

இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள்.

"காந்தம் எடுத்தாரட்டா?" என்றான் லோகு.

"அது காந்தத்துல ஒட்டாதுடா."

"அப்போ உங்க மாமனாரும் இனிமே ஒட்ட மாட்டாரு," என்று லோகு எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். "பேஜாராப் போச்சு. பேசாம ஒடஞ்சிப்போச்சுன்னு சொல்லிடேன்."

சொல்லலாம். ஆனால் தோளில் கைபோட்ட மனுஷன் இனி என்ன செய்வார்? சபைக்கு யார் பதில் சொல்வது? அடுத்த கிறிஸ்துமஸுக்கு ரிமோட்டோடு சேர்த்து டிவியையே மறைத்து வைப்பார்கள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஜோஷ்வாவுக்கு இதே நினைப்பு. பயம்தான், வேறென்ன.

அன்றைக்கே புதுவாயல் ஸ்டேஷனரி கடையில் இருந்த மை பேனாக்களில் ரகத்துக்கு ஒன்றாக வாங்கினான். கூரியரில் இன்னும் சில நிப்புகளை வரவழைத்தான். மெல்லிசு, நடுத்தரம், பட்டை என்று வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் 'பயப்படாதே' என்று எழுதிப் பார்த்தான். வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் வருகிற சொல் அதுதான். மெல்லிசு நிப்பில் அது பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் இருந்தது. நடுத்தரத்தில் எழுதியது பேங்க் சலானைப்போல் இருந்தது. பட்டை நிப்பில் 'ப'வும் 'ய'வும் ஒன்றாகிவிட்டன.

"எங்கப்பா எழுத்து இப்டியா இருக்கும்?" என்று ஜெனிபர் பிரிட்ஜ்மேல் ஒட்டியிருந்த போன வருஷ அட்டையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். அவளுக்கும் இப்போது பயம் வந்திருந்தது.

ஜோஷ்வா அட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தான். மேலிருந்து இறங்கும் கோடெல்லாம் தடிப்பு. குறுக்கே போகிறதெல்லாம் மெல்லிசு. வளைவுகளில் தடிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மாமனார் பேனாவை எப்படிப் பிடிப்பார் என்பது அப்போதுதான் பிடிபட்டது. நன்றாகப் படுக்கவைத்து, கொஞ்சம் இடதுபக்கம் திருப்பி எழுதுகிற கை. பழைய நிப்பு அந்தக் கைக்குத் தேய்ந்த நிப்பு. தன் கைக்கு அது கீறாமல் என்ன செய்யும்?

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. இனி புது நிப்பை அந்தக் கைக்குத் தேய்க்க வேண்டுமே.

முதல் பட்டை நிப்பை எமரித் தாளில் தேய்த்தான், கோணல். இரண்டாவது சரியாக வந்துகொண்டிருந்தபோது ஜெனிபர் தும்மினாள். மூன்றாவதை எடுக்கும்போது அவன் லோகுவின் போனை எடுக்கவில்லை, வீடியோவையும் பார்க்கவில்லை. பேனாவை மாமனார்போலப் படுக்கவைத்து, இரண்டு இழுப்பு, ஒரு எழுத்து, மறுபடி இரண்டு இழுப்பு என்று பொறுமையாகப் போனான். வாழ்க்கையில் முதல்முறையாக, போதும் என்ற இடத்தில் கையை எடுத்தான்.

பிறகு மை நிரப்பி 'ஜெனிபர்' என்று எழுதினான். 'ஜெ'யின் வளைவு தானாக ஓடியது. மை நிற்கவும் இல்லை, வழியவும் இல்லை. கோடு தடித்து, மெலிந்து, மறுபடி தடித்தது.

"நீயா எழுதின?" என்றாள் ஜெனிபர். "இவ்ளோ அழகா இருக்குது என் பேரு."

அவள் கண்ணில் தெரிந்த பெருமையைப் பார்த்து ஜோஷ்வாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே ஒரு உறுத்தல்தான் பாக்கி. பழைய நிப்பில் சின்னதாக ஒரு நட்சத்திரம் பொறித்திருக்கும். இதில் இல்லை. மாமனார் உற்றுப் பார்த்தால் தொலைந்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் கவரைப்பேட்டைக்குப் போனபோது அங்கே சபைப் போதகரும் இருந்தார்.

"வாங்க தம்பி. அண்ணன் பேனா ரிப்பேர்ல இருக்குதுன்னு சொன்னாரு. வேற பேனாவுல அந்த எழுத்து வராதாமே. அதான் இந்த வருஷம் சென்னைல அச்சடிக்கச் சொல்லிட்டேன்," என்று போதகர் பெருமூச்சு விட்டார். "சபைல எல்லாருக்கும் வருத்தந்தான்."

தானியேல் நாற்காலியில் சாய்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். "இன்னா பண்றது பாஸ்டர், சாமான்னா கெட்டுப்போவத்தான் செய்யும்," என்று சிரித்தார். பாவம், எவ்வளவு வேதனையை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார் என்று ஜோஷ்வா உருகிப்போனான்.

"மாமா," என்று பேனாவை எடுத்து நீட்டினான். "ரெடியாயிடுச்சி."

தானியேலின் வாயில் முறுக்கு நின்றது.

"ரெடின்னா?"

"எழுதிப் பாருங்க."

ஜெனிபர் தாளை வைத்தாள். தானியேல் நிப்பை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் பேனாவைப் படுக்கவைத்து, இடதுபக்கம் திருப்பி, ஒரு வரி எழுதினார். சத்தமே இல்லை. இன்னொரு வரி எழுதினார். பேனாவை உதறினார். மறுபடி எழுதினார். எப்படித் திருப்பினாலும் அது எழுதியது.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்று போதகர் எழுந்தேவிட்டார். "அண்ணே, முன்ன விட அழகா இருக்குதே." கையோடு போனை எடுத்து அச்சகத்துக்குப் பேசினார். "ஆமாங்க, அட்டை வேணாம். நம்ம அண்ணனே எழுதறாரு." போனை வைத்துவிட்டு, "பேனாதான் இவ்ளோ சுளுவா ஓடுதே, புதுவாயல் கிளைச் சபைக்கும் சேத்தே எழுதிடுங்கண்ணே," என்று ஜோஷ்வாவின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

தானியேலுக்குக் கண் கலங்கியிருந்தது. பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, வலது தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

ஜோஷ்வாவுக்குப் புரிந்துவிட்டது. நட்சத்திரம் இல்லாததைக் கண்டுபிடித்துவிட்டார். போதகர் எதிரில் காட்டிக்கொடுக்காமல் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். இனி மறைப்பதில் அர்த்தமில்லை. தைல பாட்டிலோடு உள்ளே போய்க்கொண்டிருந்த மாமியார் ஹெலனை வழிமறித்தான்.

"அத்தை, என்னைய மன்னிச்சிடுங்க. அது பழைய நிப்பு இல்ல. என் கையில ஒடஞ்சிப்போச்சு. மாமா என்னைய நம்பிக் குடுத்தாரேன்னு, ராப்பகலா ஒக்காந்து வேற நிப்ப தேச்சிப் போட்டேன்."

ஹெலன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒடஞ்சதோட வுட்டிருக்கக் கூடாதா மாப்ள? வருஷா வருஷம் முந்நூறு அட்டை எழுதற கைவலி தாங்காம, நீங்க தொட்டா எதுவும் மறுபடி ஓடாதுன்னு நம்பித்தான அவரு அத உங்ககிட்ட குடுத்தாரு."